தலையாட்டும் தெரு

"கண்ணாடியப் பாத்தா ஒரு தடவ தலையாட்டு. அப்புறம் நடந்துகிட்டே இரு. நின்னு பாக்காத. எங்க ஊர்ல அது மரியாத இல்ல," என்றான் லீவன்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மெழுகுக்காரர் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மாடி ஜன்னலுக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியின் நுனியில் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தெருவில் வருகிறவர் யார், வாசலில் நிற்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்ளலாம். புரூஜ் நகரத்தில் இதற்கு ஒற்றன் என்று பெயர். எங்கள் கிராமத்தில் மழையையும் மாட்டையும் தவிரப் பார்ப்பதற்கு எதுவும் கிடையாது. அதனால் அங்கே யாரும் ஒற்றன் வைப்பதில்லை.

அன்று சகல புனிதர் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். மதியம் மூன்று மணிக்கே மூடுபனி கால்வாயிலிருந்து ஏறி வந்து வீட்டுக் கூரைகளை விழுங்கியிருந்தது. படகுகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. தெருவில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் லீவன் ஒவ்வொரு வீட்டின் முன்னும் தலையாட்டிக்கொண்டே நடந்தான். யாருமில்லாத தெருவில் ஒரு மனிதன் இடமும் வலமுமாக வணக்கம் சொல்லிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"யாருக்குய்யா ஆட்டற? ஒருத்தரையும் காணோம்."

"நீ காணல. அவங்க காண்றாங்க. இந்த வீட்டுல ஒரு கிழவர், எந்நேரமும் ஜன்னல்தான். தெருக் கடைசில விவீனா அம்மா. யார் பூசைக்கு லேட்டா வர்றாங்கன்னு பங்குச் சாமியாரவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். நீ ஆட்டாமப் போனா, யாருடா இந்தப் பட்டிக்காட்டான்னு கேப்பாங்க."

"பட்டிக்காட்டான்தானே."

"அத நாமளா ஏன் சொல்லணும்?"

நானும் தலையாட்டினேன். மேலே ஒரு கண்ணாடியில் ஏதோ அசைந்தது. கையா, திரைச்சீலையா தெரியவில்லை.

லீவனும் நானும் நண்பர்களானது லூர்து யாத்திரை ரயிலில். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும் தொண்டுக்கு இருவரும் பேர் கொடுத்திருந்தோம். அவன் அப்போது சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். நான் எங்கள் கிராமத்துக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, அணைப்பது. அதனால் எனக்கு அவன் வைத்த பெயர் சாமியார். வருடந்தோறும், "ஒரு தடவ எங்க ஊருக்கு வாய்யா, சந்து சந்தா காட்டறேன்," என்பான். நவம்பரில் கோயிலை விட்டு என்னால் நகர முடியாது. இந்த வருடம்தான் அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்து ஓய்வு பெற்றிருந்தேன். உடனே கூப்பிட்டான். "கல்லறைத் திருநாளுக்கு வந்துரு. கட்டாயம்," என்றான். கட்டாயம் என்று ஏன் சொன்னான் என்பது அன்று மதியம்தான் தெரிந்தது.

தெருவின் கடைசியில், கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு குறுகலான செங்கல் வீடு. அதை நெருங்கும்போது லீவனின் நடை மெதுவானது. பேச்சை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். மற்ற வீடுகளுக்கு அவன் தொப்பியைத் தொடக்கூட இல்லை.

தலை குனிந்து நிமிர்ந்தான். காத்திருந்தான்.

நானும் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு முகம் இருந்தது. வெளுத்த, வயதான பெண் முகம். மற்ற கண்ணாடிகளில் நிழல் போல எதையோதான் பார்த்திருந்தேன். இதில் முகம் முழுதாக, சட்டம் போட்ட படம் போல நிறைந்திருந்தது. அது அசையவில்லை.

லீவனின் காது சிவந்தது. தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு பாலத்தின் மேல் விறுவிறுவென்று போனான். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க அக்கா. ஹெர்மினா," என்றான்.

அவனுக்கு அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது.

"அம்மா செத்து பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். அடக்கம் முடிஞ்சு எல்லாரும் காபி குடிச்சுட்டு உக்காந்திருக்கோம். அக்காதான் அம்மாவ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டா. யாரோ அவளப் புகழ்ந்தாங்க. எனக்கு என்ன கோவமோ. 'ஆமா, நல்லாத்தான் பாத்துக்கிட்டா. ஒரு மனுஷர வீட்டுக்குள்ள விடாம, அம்மாவ ஜன்னல்ல கட்டிப்போட்டுப் பாத்துக்கிட்டா'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அக்கா எந்திரிச்சு வந்தா. என் முன்னால இருந்த கப்ப எடுத்தா. 'இனிமே என் வீட்டு மணிய அடிக்காத'ன்னா. அவ்வளவுதான்."

"அப்புறம் பேசவே இல்லையா?"

"பேச்சு கெடையாது. தெனமும் இந்த வழியாப் போவேன். தொப்பிய எடுப்பேன். அவ உள்ள தள்ளி உக்காந்திருப்பா, முகம் தெரியாது, தலை மட்டும் லேசா அசையறது தெரியும். அதுதான் எங்களுக்குள்ள இருக்கற எல்லாப் பேச்சும். ஒரு நாள்கூட அவ ஆட்டாம இருந்ததில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பகூட ஆட்டினா."

"இன்னைக்கு?"

"நீதான் பாத்தியே."

அவன் என்னைக் கூப்பிட்டதன் காரணம் அப்போதுதான் வெளியே வந்தது. மறுநாள் பூசை முடிந்ததும் அந்த மணியை அடிப்பது என்று முடிவு செய்திருந்தான். ஆன்ம ரொட்டி வாங்கி வைத்திருந்தான். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் பக்கத்தில் சுடுகிற சின்ன மஞ்சள் ரொட்டி அது. சூடாக ஒன்றைத் தின்றால், இறந்தவர்கள் பாவம் கழிக்கக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஓர் ஆன்மா விடுதலை ஆகும் என்று சொல்லித் தின்போம். அம்மாவின் பெயரால் அக்காவும் தம்பியுமாக உட்கார்ந்து ஆளுக்கொன்று தின்ன வேண்டும் என்பது அவன் ஆசை. தனியாகப் போனால் வாசலோடு திரும்பிவிடுவோம் என்று பயந்து, பிடித்துத் தள்ள ஓர் ஆள் வேண்டுமென்று என்னை வரவழைத்திருக்கிறான்.

"இப்ப எல்லாம் போச்சு," என்றான். "வேடிக்க காட்ட ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நெனச்சிருப்பா. முன்னால வந்து உக்காந்து, மொகத்த நல்லாக் காட்டி, ஆட்ட மாட்டேன் போடான்னு சொல்லிட்டா."

அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சாமந்தித் தொட்டிகள் கல்லறைக்குக் கல்லறை மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தன. லீவனின் அம்மா ரோசாலியாவின் கல்லறை மட்டும் வெறுமையாக இருந்தது. அவன் வழியில் வாங்கிய தன் தொட்டியை வைத்துவிட்டு, வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா எப்பவும் காலைலயே வெச்சிருவா. நான் வந்து அவ தொட்டிக்குப் பக்கத்துல வெப்பேன். இந்த வருஷம் என் பூ பக்கத்துல அவ பூ இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா போல."

நான் பரலோக மந்திரத்தை மெதுவாகச் சொன்னேன். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வேறு வழியாகப் போகலாம் என்றான். நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டாம் என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. இருந்தும் அந்தத் தெருவுக்கே போவோம் என்றேன்.

எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. பாலத்து வீட்டில் எரியவில்லை. தெருவிளக்கின் வெளிச்சம் பனியில் கரைந்து அந்தக் கண்ணாடியின் மேல் மட்டும் விழுந்திருந்தது. முகம் அதே இடத்தில் இருந்தது. கொஞ்சம் சாய்ந்து, கன்னம் எதன் மீதோ பதிந்தது போல. கண்கள் திறந்திருந்தன.

நான் நின்றேன்.

கண்ணாடியில் ஒருவர் கண்ணை நாம் பார்த்தால் அவரும் நம் கண்ணைப் பார்க்கிறார் என்று அர்த்தம். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கண்கள் என்னைத்தான் பார்த்தன. கோபமான பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"நிக்காதன்னு சொன்னேன்ல," லீவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"வெளக்கு எரியல, லீவன்."

"உள்ள இருட்டா இருந்தாத்தான் வெளிய தெளிவாத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் உக்காருவாங்க."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. விவீனா அம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்து இல்லாத குப்பையைப் பெருக்கினாள். எங்களோடு பேசத்தான் வந்தாள் என்பது தெரிந்தது.

"என்ன லீவன், விருந்தாளியா?"

"கிராமத்துலருந்து வந்திருக்காரு. பேரு யோரிஸ்." பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டான். "அக்கா நல்லா இருக்காளா?"

"இருக்காளே. காலைலருந்து ஜன்னல்லதான். நானே நாலஞ்சு தடவ தலையாட்டிட்டேன்."

"பதிலுக்கு ஆட்டினாளா?"

"எங்க ஆட்டினா. கல்லறைத் திருநாள் வந்தா அவளுக்கு அம்மா நெனப்பு வந்துரும். கண்டுக்கக் கூடாது."

"பாத்தியா," என்று லீவன் என்னிடம் சொன்னான். அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. தனக்கு மட்டும் அவள் ஆட்டாமல் இருந்துவிடவில்லை.

நான் கேட்டேன். "இப்பவே மணி அடிச்சுப் பாக்கலாமா?"

"நாளைக்கு. பூசை முடிஞ்சு. அவ மனசு எறங்கினா பூசைல தெரியும். ஒரே பெஞ்சுலதான் உக்காருவோம், நான் இந்த ஓரம், அவ அந்த ஓரம்."

இரவுச் சாப்பாட்டுக்கு அவன் சமைத்த மாட்டிறைச்சிக் குழம்பு நன்றாக இருந்தது. இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அலமாரியின் மேல் துணியில் பொதிந்த ரொட்டி இருந்தது. படுக்கும் முன் ஜெபமாலை சொன்னேன். கண்ணை மூடினால் அந்த முகம் வந்தது. எழுந்து போய்ப் பார் என்று மனசாட்சி சொன்னதா, வெறும் பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. விருந்தாளியாக வந்த இடத்தில் ஊர் வழக்கத்தை மீறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கினேன். நல்ல பழக்கங்கள்கூடச் சில சமயம் நம்மை எவ்வளவு சுகமாகத் தூங்க வைத்துவிடுகின்றன.

காலைப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. இறந்தவர்களின் பெயர்களைப் பங்குச் சாமியார் வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரோசாலியா என்று வாசித்தபோது லீவன் பெஞ்சின் மறு ஓரத்தைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூசை முடிந்து வாசலில் சாமியார் கை கொடுத்தார். "ஹெர்மினா வரலியா? உடம்பு முடியலயோ?"

"தெரியல, சாமி."

"நான் வரும்போது பாத்தேனே. ஜன்னல்ல இருந்தாங்க. கையத் தூக்கிக் காட்டினேன். மெதுவா வருவாங்கன்னு நெனச்சேன்."

அடுத்தவர் கை கொடுக்க வந்ததால் நாங்கள் நகர்ந்தோம். ரொட்டிப் பொட்டலம் லீவனின் கோட்டுப் பையில் இருந்தது. காலையில் மடக்கியிருந்த சட்டைக் காலரை இப்போது தூக்கிவிட்டுக்கொண்டான்.

"வீட்டுக்குப் போலாம். ரொட்டிய நாமளே தின்னலாம்," என்றான்.

எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. கோயில் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"லீவன். சாமியார் பாத்திருக்காரு. விவீனா அம்மா பாத்திருக்காங்க. நீ பாத்த, நான் பாத்தேன். தெருவே பாத்திருக்கு."

"அதுக்கு?"

"அவங்க அசஞ்சத யாராவது பாத்தாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"நேத்துக் காலைலயும் ஜன்னல்ல. மத்தியானம் ஜன்னல்ல. இருட்டினப்புறம் ஜன்னல்ல. இப்பவும் ஜன்னல்ல. பூ வெக்கப் போகல. பூசைக்கு வரல. வெளக்குப் போடல."

"வாயக் கழுவுய்யா," என்றான். ஆனால் அவன் கால்கள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தன.

பனி நேற்றைவிட அடர்த்தியாக இருந்தது. முப்பதடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மெழுகுக்காரர் தெருவில் நுழைந்தபோது எங்கள் காலடிச் சத்தம் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து, பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடிகள் பனியில் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன, வீடுகளே இல்லாதது போல. லீவன் இன்று யாருக்கும் தலையாட்டவில்லை.

பாலத்து வீட்டுக்குச் சற்று முன்னால் அவன் நின்றுவிட்டான். மேற்கொண்டு வர மறுத்தான்.

"நீ போ. நீ பாரு."

"உன் அக்காய்யா."

"செத்தவளுக்கா நான் தொப்பிய எடுத்தேன்? செத்துக் கெடந்தவ மேலயா நான் நேத்தெல்லாம் கோவப்பட்டேன்? நீ பாத்துச் சொல்லு, யோரிஸ். கோவத்துல இருக்கான்னு சொல்லு. போதும். ஆயுசுக்கும் கோவமா இருக்கட்டும்."

நான் போனேன். கண்ணாடிக்கு நேர் கீழே, அந்த ஊரில் ஒருவரும் நிற்காத இடத்தில் நின்றேன். தலையை நன்றாக உயர்த்தி, வெட்கத்தை விட்டுப் பார்த்தேன்.

முகம் இருந்தது. கோயிலில் கையாண்டு கையாண்டு எனக்குப் பழகிப்போன நிறம் அது, பழைய மெழுகின் நிறம். வாய் ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. கன்னம் ஜன்னல் சட்டத்தில் பதிந்து மடிந்திருந்தது. உட்கார்ந்திருந்தவள் சாய்ந்து விழுந்திருக்கிறாள், சட்டம் தாங்கியிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு முழுதாக முகம் தெரிந்திருக்கிறது. திறந்த கண்கள் கண்ணாடியையே பார்த்தன.

நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அருளும் ஆண்டவரே என்று மனதுக்குள் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். அப்படித் தொடங்குவதும் தலையாட்டுவதைப் போன்றதுதானே என்று தோன்றியது. அடக்கத்துக்கான செபத்தைச் சொல்லிவிட்டால் பிறகு பார்க்க வேண்டியதில்லை.

கையை உயர்த்தினேன். ஒரு விரலை நிமிர்த்தி, லூர்து ரயிலில் பேச முடியாத நோயாளிகளுக்கு முன்னால் டாக்டர்கள் செய்வது போல, மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினேன்.

கண்கள் நகர்ந்தன.

முகத்தில் வேறெதுவும் அசையவில்லை. இமை இல்லை, உதடு இல்லை. கண்கள் மட்டும் விரலோடு நகர்ந்தன. விரலை வலப்பக்கம் கொண்டுபோனேன். வந்தன. இறந்த முகத்துக்குள் யாரோ அடைபட்டு நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. இன்னும் வலப்பக்கம், லீவன் நின்ற திசைக்கு விரல் போனபோது, பனிக்குள் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற அவனைக் கண்டுகொண்டது போல, அங்கேயே நின்றுவிட்டன. நான் கையைத் திருப்பினேன். அவை என்னோடு திரும்பி வரவில்லை.

ஒரு பகலும் ஓர் இரவுமாக அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள். ஒவ்வொருவராகக் கீழே வந்து, அவள் கண்ணைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, திருப்தியோடு போவதைப் பார்த்துக்கொண்டே.

"உயிரோட இருக்காங்க," என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன். காற்றுதான் வந்தது.

லீவனுக்கு அது கேட்டது. ஓடி வந்தான். கதவில் கை வைத்ததும் ஒரு கணம் தயங்கி, மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். உள்ளே எங்கோ ஆழத்தில் மணி அடித்தது. மறுபடி இழுத்தான். விடாமல் அடித்தான். அந்த ஓசை தெரு முழுக்கப் பரவியது. பல வருடம் அடிக்காத மணியையெல்லாம் சேர்த்து அடிப்பது போல அடித்தான்.

"யோவ், அவங்களால எந்திரிக்க முடியாது. சாவி யார்கிட்ட இருக்கு?"

எதிர்க் கதவு திறந்தது. விவீனா அம்மாளின் கையிலேயே சாவி இருந்தது.

"என்கிட்ட இருக்கு. அவதான் குடுத்து வெச்சா, அவசரத்துக்குன்னு. கதவுக்குப் பின்னாலதான் மாட்டியிருந்தேன்." அவளுக்குப் பூட்டுத் துவாரம் பிடிபடவில்லை. "இன்னைக்குக் காலைலகூட ஆட்டினேன், லீவன். காலை வணக்கம்னுகூடச் சொன்னேன்." லீவன் சாவியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினான்.

மாடிப்படி ஒரு ஆள் மட்டும் ஏறும் அகலம். மேலே அறை கல்லாய்க் குளிர்ந்திருந்தது. அடுப்பு அணைந்து போயிருந்தது. தரையில் ஒரு சாமந்தித் தொட்டி, காகிதம் சுற்றி, கிளம்பத் தயாராக. லீவன் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அவளுடைய இடது கை உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அதை விடுவித்தான். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான்.

"அக்கா. நான்தான். மணி அடிச்சுட்டேன், மன்னிச்சுக்க."

விவீனா அம்மாள் தொலைபேசிக்கு ஓடினாள். நான் அடுப்பை மூட்டி, துணியை நனைத்து ஹெர்மினாவின் உதட்டை ஈரப்படுத்தினேன். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பாது என்று பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். ஒரு நாற்காலியில் கட்டி உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். கீழ்ப்பக்கம் பிடிக்கிறவர் பின்புறமாக இறங்க வேண்டும்.

"நான் பிடிக்கறேன்," என்றான் லீவன்.

"வேண்டாம் பெரியவரே, எங்க ஆளு இருக்காரு."

"நான் பொறந்த வீடு. எந்தப் படி ஆடும்னு என் காலுக்குத் தெரியும். ரயில்லருந்து எத்தன நோயாளிய எறக்கியிருக்கேன். இந்தச் சாமியாரக் கேளுங்க."

நான் தலையசைத்தேன். அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

அப்படி அவன் பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்க, நாற்காலியில் ஹெர்மினா அவனுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் இறங்கினாள். நடுவில் கண்ணாடி இல்லை. அவன் வேறு எங்கும் பார்க்க வழியில்லை. அவளும் கண்ணை மூடவில்லை.

"அன்னைக்குச் சொன்னது பொய், அக்கா," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். "இது வளைவுப் படி, பயப்படாத. அம்மாதான் யாரையும் பாக்க மாட்டேன்னா. எனக்குத் தெரியும். என்னையும்தான் பாக்க மாட்டேன்னா. அந்தக் கோவத்தத் தூக்கி உன் மேல போட்டேன். இன்னும் நாலு படி. கூட இருந்தவ நீ. பேச்சு வாங்கினவளும் நீ. இது ஆடற படி, கெட்டியாப் பிடிச்சிருக்கேன்."

மேலிருந்து பிடித்த ஆள் இளைஞன். அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

வாசலுக்கு வந்தபோது தெரு மாறியிருந்தது. மணிச் சத்தத்துக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், வீட்டுச் செருப்போடு, ஏப்ரனோடு, கையில் காபிக் கோப்பையோடு. அந்தத் தெருவில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கிழவர் தன் கம்பளியைக் கொண்டுவந்து கோட்டுக்கு மேல் போர்த்திவிட்டு ஒதுங்கினார்.

லீவனையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் நான் மாடிக்குத் திரும்பினேன். விவீனா அம்மாள் வாளியும் துணியுமாக மண்டியிட்டு நாற்காலியையும் தரையையும் கழுவிக்கொண்டிருந்தாள். உதவப் போனேன், விடவில்லை. "இது என் வேல," என்றாள். அழுதுகொண்டே கழுவினாள். அடுப்பு பிடித்து அறை சூடேறத் தொடங்கியது. நான் ஜன்னல் பக்கம் போய் ஹெர்மினா உட்கார்ந்திருந்த உயரத்துக்குக் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். பாலம், தெருவிளக்கு, ஈரக் கற்கள், மெல்லக் கலைந்துபோகும் ஜனங்கள். எல்லாம் சின்னதாக, சத்தமில்லாமல், எட்டாத தூரத்தில். அதிகநேரம் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் லீவனின் வீட்டில் தொலைபேசி அடித்தது.

"யோரிஸ், ஆஸ்பத்திரிலருந்து பேசறேன். உயிருக்குப் பயமில்லங்கறாரு டாக்டர். வலப் பக்கம் வருமான்னு தெரியாதாம். பேச்சும் இப்ப இல்ல."

"கடவுளுக்கு நன்றி. நீ எப்ப வர்ற?"

"வர முடியாதுய்யா." அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று புரியவில்லை. "வண்டில ஏத்தும்போது இடது கையால என் காலரப் பிடிச்சா. இன்னும் விடல. நர்ஸம்மா வந்து விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தாங்க. தூக்கத்துலயும் பிடிச்சிருக்கா. கத்தரிக்கோல் கொண்டு வரட்டுமான்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு நாற்காலி கேட்டேன்," என்றான்.